எக்ஸ்-பிளேனில் உங்கள் ஊர் ரன்வேயை நீங்களே வரைவது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எக்ஸ்-பிளேன் 12 என்ற விமான சிமுலேட்டரில் சென்னையோ பெங்களூரோ போய் இறங்கினால் குறை சொல்ல அதிகம் இருக்காது. சின்னத் தளங்களுக்குப் போனால்தான் சிக்கல். ரன்வே இருக்கும், பக்கத்தில் ஒரு கட்டடம்கூட இருக்காது. சில இடங்களில் ரன்வேயே இருக்காது. இந்த வேலையைப் பற்றித் தமிழில் எதுவும் கைக்குக் கிடைக்காமல், ஆங்கில மேனுவலையும் அரைகுறை வீடியோக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைவது சுலபம். நேரத்தைத் தின்பது இரண்டு விஷயங்கள்: சரியான அளவுகளைத் தேடுவது, அப்புறம் வேலையைத் தப்பான வரிசையில் செய்வது. ரன்வே சரியாக உட்காரும் முன்பே டெர்மினலுக்கு ஜன்னல் வைக்கப் போகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள்.

1. எந்தத் தளம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தளங்கள் மூன்று வகை. சிவில் தளங்கள் முதல் வகை; சேலம், வேலூர், நெய்வேலி மாதிரி. இவற்றுக்கு ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) தரும் நான்கெழுத்துக் குறியீடு உண்டு. சேலத்துக்கு விஓஎஸ்எம், வேலூருக்கு விஓவிஆர், நெய்வேலிக்கு விஓஎன்வி. இரண்டாவது வகை கைவிடப்பட்டவை: சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளங்கள். மூன்றாவது ராணுவத் தளங்கள்: சூலூர், தஞ்சாவூர், தாம்பரம், அரக்கோணம்.

முதல் முயற்சிக்கு முதல் வகையைத்தான் எடுக்கச் சொல்வேன். அளவுகள் அதிகாரபூர்வமாகக் கிடைக்கும், ஒற்றை ரன்வே, ஒரு சின்ன ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் திடல்), வேலை முடிந்தது. கைவிடப்பட்ட தளங்கள் ஆசையைத் தூண்டும், ஆனால் எல்லா அளவையும் நீங்களே செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்க வேண்டும். ராணுவத் தளங்களை விட்டுவிடுங்கள்.

முடிவு செய்ததும், பயனர்கள் செய்த தளங்கள் சேரும் எக்ஸ்-பிளேன் சீனரி கேட்வே இணையதளத்தில் அந்தக் குறியீட்டைத் தேடிப் பாருங்கள். வேறு யாராவது ஏற்கெனவே நன்றாகச் செய்து வைத்திருக்கலாம். இருந்தால் அதைத் தரவிறக்கி அதன்மேல் வேலை செய்வதுதான் புத்திசாலித்தனம்.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

இயங்கும் சிவில் தளம் என்றால் இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடும் மின்னணு ஏஐபி (விமானிகளுக்கான அதிகாரபூர்வத் தகவல் தொகுப்பு) போதும். இணையத்தில் இலவசம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஏடி 2 என்ற பகுதி இருக்கும். அதை முழுதாகப் படிக்க வேண்டாம். இந்த உட்பிரிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- 2.2: தளத்தின் மைய ஆயத்தொலைவு, கடல் மட்டத்திலிருந்து உயரம்
- 2.12: ரன்வே நீளம், அகலம், மேற்பரப்பு, இரு முனைகளின் ஆயத்தொலைவுகள்
- 2.13: அறிவிக்கப்பட்ட தூரங்கள் (ஏறவும் இறங்கவும் பயன்படுத்தலாம் என்று அறிவித்த நீளம்)
- 2.14: விளக்குகள், பாப்பி (சரியான சரிவில் இறங்குகிறோமா என்று காட்டும் விளக்கு வரிசை) உண்டா இல்லையா
- 2.18: ரேடியோ அலைவரிசைகள்
- 2.24: வரைபடங்களின் பட்டியல்

இந்த எண்கள் உலகம் முழுவதும் ஒன்றுதான். இலங்கையின் ஏஐபியைத் திறந்தாலும் 2.12-இல் ரன்வேதான் இருக்கும்.

புதியவர்கள் அதிகம் விழுகிற குழி இங்கேதான். ஏஐபி ஆயத்தொலைவை டிகிரி, நிமிடம், விநாடி என்று தரும். வரையும் மென்பொருளோ தசம டிகிரி கேட்கும். 11 டிகிரி 46 நிமிடம் 58 விநாடி என்பதை 11.4658 என்று அடித்தால் தளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கே போய் உட்காரும். நிமிடத்தை 60-ஆல், விநாடியை 3600-ஆல் வகுத்துக் கூட்டுங்கள்: 11 + 0.76667 + 0.01611, அதாவது 11.78278. தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் வரை வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது இலக்கத்தில் ஒன்று மாறினாலே 11 மீட்டர் நகர்ந்துவிடும். 30 மீட்டர் அகல ரன்வேயில் 11 மீட்டர் என்பது பெரிய விஷயம்.

கைவிடப்பட்ட தளம் என்றால், இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 ஓப்பன் சீரிஸ் மேப் தாள்களைப் பாருங்கள். அந்தத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாக எடுக்கலாம். சுற்றியுள்ள ஏரி, சாலை, மேட்டு நிலம் எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். நீள அகலத்துக்குச் செயற்கைக்கோள் படம்தான் கதி.

படம் எடுப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. நம் நாட்டு விமான நிலையங்களில் புகைப்படத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. விமானப்படை, கடற்படைத் தளங்களின் சுவர்ப் பக்கம் கேமராவோடு போய் நிற்கவே கூடாது. ட்ரோன் பறக்கவிடும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். டெர்மினல் முகப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கப் பொதுவெளியில் உள்ள படங்களே போதும்.

3. செலவு எவ்வளவு?

எக்ஸ்-பிளேன் உங்களிடம் இருக்கிறது என்றால் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. வேர்ல்ட்எடிட்டர், அதாவது எல்லோரும் வெட் என்று சொல்லும் மென்பொருள், எக்ஸ்-பிளேனைச் செய்யும் லாமினார் ரிசர்ச் நிறுவனமே தருவது, இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கட்டடங்களை நீங்களே மாடல் செய்யப் போகிறீர்கள் என்றால் முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டரும் படம் திருத்தும் கிம்பும் இலவசம்தான்.

சிமுலேட்டருக்கே பணம் இல்லை என்பவர்கள் ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டர் பக்கம் போகலாம். விமான நிலைய விவரங்களுக்கு அதுவும் எக்ஸ்-பிளேனின் ஏபிடி.டேட் ஃபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வழி முற்றிலும் வேறு. டெவலப்பர் மோடும் அதன் எஸ்டிகே என்ற உருவாக்கக் கருவித் தொகுப்பும் வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குப் பயன்படாது.

காசு கேட்டு வருகிற பொருள் பேக்குகளை இப்போதைக்கு வாங்காதீர்கள். எக்ஸ்-பிளேன் 12 உடன் வரும் லைப்ரரியில் ஹேங்கர், வேலி, எரிபொருள் லாரி, சின்ன டெர்மினல் எல்லாம் இருக்கிறது.

4. வெட்டைத் திறந்து பேக் உருவாக்குங்கள்

வெட் முதலில் எக்ஸ்-பிளேன் இருக்கும் ஃபோல்டரைக் கேட்கும். காட்டுங்கள். அப்புறம் புதிய சீனரி பேக்கேஜ் ஒன்றை உருவாக்கிப் பெயர் வையுங்கள். அது தானாகவே கஸ்டம் சீனரி ஃபோல்டருக்குள் போய் உட்காரும்.

ஏர்போர்ட் மெனுவில் போய்ப் புதிய ஏர்போர்ட் உருவாக்குங்கள். பெயர், குறியீடு, உயரம், ஊர், நாடு எல்லாம் வலப்பக்கப் பட்டியலில் நிரப்புங்கள். ஏற்கெனவே இருக்கும் தளம் என்றால் அதன் குறியீட்டையே கொடுங்கள். அப்போதுதான் பழையது மறைந்து உங்களுடையது வரும். குறியீடே இல்லாத தளத்துக்கு, வேறு எந்த விமான நிலையத்தோடும் மோதாத ஒன்றை வையுங்கள். சும்மா நாலு எழுத்து அடித்தால் எங்கோ வேறு கண்டத்தில் ஒரு நிஜ விமான நிலையம் உங்கள் கணினியிலிருந்து காணாமல் போகும்.

கருவிகள் எல்லாம் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். எந்த ஏர்போர்ட்டைத் திருத்துகிறோம் என்று வெட்டுக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். இடதுபுறப் பட்டியலில் உங்கள் ஏர்போர்ட்டைத் தேர்ந்தெடுத்துத் திருத்தத் தொடங்குங்கள், கருவிகள் உயிர்பெறும்.

பின்னணிப் படத்துக்கு வியூ மெனுவில் ஸ்லிப்பி மேப்பை (இணையத்திலிருந்து வரும் பின்னணி வரைபடம்) இயக்கி எஸ்ரி நிறுவனத்தின் செயற்கைக்கோள் படத்தைத் தேர்வு செய்யுங்கள். கூகுள் எர்த்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதன்மேல் நகலெடுக்காதீர்கள். அவர்களுடைய பயன்பாட்டு விதி அதற்கு இடம் தராது. பொதுவில் வெளியிடப் போகும் வேலை என்றால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

5. ரன்வே: இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்

ரன்வே கருவியை எடுத்து ஒரு முனையில் அழுத்தி மறு முனை வரை இழுத்தால் ரன்வே வந்துவிடும். கண்பார்வைக்குச் சரியாக இருக்கிறதே என்று அங்கேயே விட்டுவிடாதீர்கள். இரு முனைகளின் ஆயத்தொலைவையும் ஏஐபியிலிருந்து தட்டச்சு செய்யுங்கள். பிறகு வெட் காட்டும் நீளத்தை ஏஐபி நீளத்தோடு ஒப்பிடுங்கள். சேலத்தை எடுத்தால் 04/22 ரன்வே, 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீளத்தில் ஓரிரு மீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. ஐம்பது மீட்டர் வந்தால் எங்கோ ஓர் இலக்கம் தப்பு.

செயற்கைக்கோள் படமும் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். ஏஐபி எண்ணுக்கும் படத்துக்கும் சண்டை வந்தால் நான் ஏஐபி பக்கம். ஆனால் அப்புறம் வரையும் டாக்ஸிவே (ரன்வேக்கும் ஏப்ரனுக்கும் இடையே விமானம் ஓடும் பாதை), ஏப்ரன், கட்டடம் எல்லாவற்றையும் அதே அளவு நகர்த்தியே வரைய வேண்டும். இல்லாவிட்டால் ரன்வே ஒரு பக்கம், ஏப்ரன் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும்.

ரன்வே எண்ணில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெட் காட்டும் திசை நிஜ வடக்கைக் கொண்டது. ரன்வே எண்ணோ காந்த வடக்கைக் கொண்ட திசையைப் பத்தால் வகுத்து முழுமையாக்கியது. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான் என்பதால் பெரும்பாலும் தெரியாது. ஆனால் திசை 34, 44 என்று விளிம்பில் இருந்தால் அந்த ஒரு டிகிரியே எண்ணை மாற்றிவிடும். வெளிநாட்டுத் தளம் செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சியாட்டில்-டகோமாவின் ரன்வேக்கள் கிட்டத்தட்ட நேர் வடக்கு-தெற்காகக் கிடக்கின்றன, ஆனால் எண் 16/34. அங்கே காந்த விலகல் ஏறத்தாழ 15 டிகிரி. எண்ணைப் பார்த்துத் திசையை ஊகித்து வரைந்தால் மொத்தத் தளமும் கோணலாகிவிடும்.

அடுத்த குழி, தள்ளி வைக்கப்பட்ட த்ரெஷோல்ட். ரன்வே தொடங்கும் இடமும், விமானம் தரைதொட அனுமதிக்கும் இடமும் வேறு வேறாக இருக்கும் தளங்கள் உண்டு. எக்ஸ்-பிளேனில் ரன்வே நீளத்துக்குள்தான் இந்தத் தூரம் அடங்கும். பிளாஸ்ட்பேட் (ரன்வே முனைக்கு அப்பால் உள்ள, என்ஜின் வீச்சைத் தாங்கும் தரை) மட்டும் நீளத்துக்கு வெளியே. இதை மாற்றிப் போட்டால் வெள்ளைக் கோடுகள் எல்லாம் தப்பான இடத்தில் விழும்.

மேற்பரப்பு, ஓர விளக்கு, குறியீட்டு வகை எல்லாம் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுப்பதுதான். பகல் நேரத் தளத்துக்கு விளக்கு போட வேண்டாம். பாப்பி இருந்தால் ரன்வே தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் தள்ளி இடப்பக்கம் வையுங்கள், கோணம் 3 டிகிரி. திசை சரியா என்பதை இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்: சரியான சரிவில் வரும்போது இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு.

6. டாக்ஸிவே, ஏப்ரன், நிறுத்துமிடம்

டாக்ஸிவே கருவியில் ஒவ்வொரு மூலையாக அழுத்திக்கொண்டே போய் என்டர் தட்டினால் வடிவம் மூடிக்கொள்ளும். அழுத்தி இழுத்தால் வளைவு வரும். வளைவுக்கு இருபது புள்ளி வைக்காதீர்கள், இரண்டு போதும். புள்ளி அதிகமானால் பின்னால் திருத்தும்போது உயிர் போகும்.

டாக்ஸிவேயை ரன்வே விளிம்போடு ஒட்டி நிறுத்தாமல் கொஞ்சம் உள்ளே தள்ளியே வரையுங்கள். ரன்வே மேலே வரும் என்பதால் நுழைந்த பகுதி தெரியாது. விளிம்போடு விளிம்பு வைத்தால் நடுவில் புல் கீற்று ஒன்று எட்டிப் பார்க்கும்.

ஏப்ரனில் குறைந்தது ஒரு ராம்ப் ஸ்டார்ட் (விமானம் நின்று புறப்படும் இடம்) வையுங்கள். அது இல்லாவிட்டால் ரன்வே முனையில் இருந்து மட்டும்தான் பறக்கத் தொடங்க முடியும். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் மொத்தத்தையும் சுற்றி ஏர்போர்ட் பவுண்டரி ஒன்று, ஒரு காற்றுப்பை. ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) டாக்ஸி பாதைகளை முதல் தளத்தில் தொடவே வேண்டாம்.

7. உடனே ஏற்றுமதி செய்து ஒரு முறை பறந்து பாருங்கள்

இன்னும் ஒரு கட்டடம்கூட வைக்கவில்லையே என்று தோன்றும். பரவாயில்லை. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் டார்கெட்டை உங்கள் எக்ஸ்-பிளேன் பதிப்புக்கு மாற்றி, வேலிடேட் அழுத்துங்கள். பிழை இருந்தால் சொல்லும். அப்புறம் ஏற்றுமதி.

பேக் ஃபோல்டரைத் திறந்தால் எர்த் நேவ் டேட்டா என்ற ஃபோல்டரும் அதற்குள் ஏபிடி.டேட் ஃபைலும் இருக்க வேண்டும். ஏபிடி.டேட்டை சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள், பயமில்லை. 1 என்று தொடங்கும் வரி விமான நிலையம். அதில் அடுத்து வருவது உயரம், அடியில். 100 என்று தொடங்குவது ரன்வே: முதலில் அகலம் மீட்டரில், பிறகு மேற்பரப்பு எண். 1 என்றால் தார், 2 கான்கிரீட், 3 புல், 4 மண், 5 ஜல்லி. 110 டாக்ஸிவே, 1300 நிறுத்துமிடம், 99 முடிவு. உயரம் அடி, அகலம் மீட்டர் என்ற இந்தக் கலப்படம் பலரைக் குழப்பியிருக்கிறது. ஏஐபியில் உயரம் எந்த அலகில் இருக்கிறது என்று பார்த்தே நிரப்புங்கள்.

எக்ஸ்-பிளேன் திறந்திருந்தால் மூடித் திறங்கள். தளம் வரவில்லையா? கஸ்டம் சீனரி ஃபோல்டரில் சீனரி பேக்ஸ் என்ற ஐஎன்ஐ ஃபைலைப் பாருங்கள். மேலே இருப்பதற்குத்தான் முன்னுரிமை. உங்கள் பேக்கின் வரி, எக்ஸ்-பிளேனோடு வரும் தளங்களைக் குறிக்கும் குளோபல் ஏர்போர்ட்ஸ் வரிக்கு மேலே இருக்க வேண்டும். ஆர்த்தோ படங்களும் (தரைமேல் விரிக்கும் செயற்கைக்கோள் படங்கள்) மெஷ்களும் (நிலத்தின் மேடு பள்ள வடிவம்) எல்லாவற்றுக்கும் கீழே. அப்படியும் வரவில்லை என்றால் எக்ஸ்-பிளேன் ஃபோல்டரில் இருக்கும் லாக் ஃபைலில் உங்கள் பேக்கின் பெயரைத் தேடுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

செஸ்னா 172-ஐ எடுத்து ரன்வே முழுக்க மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கே குலுங்குகிறது, எங்கே மரம் முளைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

8. நிலத்தோடு மல்லுக்கட்டு

புதிய இடத்தில் ரன்வே போட்டால் எக்ஸ்-பிளேனுக்கு அங்கே விமான நிலையம் இருப்பது தெரியாது. அது தன் பாட்டுக்கு வீடும் மரமும் சாலையும் வைத்திருக்கும். இவற்றை நீக்க எக்ஸ்குளூஷன் என்ற கருவி இருக்கிறது. ஒரு செவ்வகம் வரைந்து, எதையெல்லாம் நீக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்: பொருட்கள், கட்டட முகப்புகள், காடுகள், சாலைகள்.

சிக்கல் என்னவென்றால் இந்தச் செவ்வகம் எப்போதும் நேர் வடக்கு-தெற்காகத்தான் இருக்கும், சாய்க்க முடியாது. உங்கள் ரன்வே 04/22 மாதிரி குறுக்கே ஓடினால், ஒரே பெரிய செவ்வகம் போட்டால் பக்கத்து ஊரே காலியாகிவிடும். சின்னச் சின்னச் செவ்வகங்களாக, படிக்கட்டு மாதிரி ரன்வேயை ஒட்டி அடுக்குங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ரன்வே முனைக்கு வெளியே இருக்கும் வீடுகளும் தோப்பும் அப்படியே இருந்தால்தான் இறங்கும்போது அது நம்ம ஊர் மாதிரி இருக்கும்.

ஏரி, குளம் இந்தக் கருவிக்கு அடங்காது. தண்ணீர் அடிப்படை மெஷ்ஷிலேயே கலந்திருக்கிறது. ரன்வே முனை ஏரிக்குள் போகிறது என்றால் முதலில் உங்கள் ஆயத்தொலைவைச் சந்தேகப்படுங்கள்.

மேடு பள்ளத்துக்கு, ஏர்போர்ட் பண்புகளில் ஆல்வேஸ் ஃபிளாட்டன் என்ற ஒரு பெட்டி உண்டு. டிக் செய்தால் தளம் மேசை மாதிரி ஆகிவிடும். சமவெளியில் பிரச்சினை இல்லை. மலையடிவாரத்தில் இதைப் போட்டால் எல்லையில் திடீரென்று சுவர் மாதிரி ஒரு வெட்டு நிற்கும். நிஜ ரன்வேக்களே முழுச் சமதளம் கிடையாது. விமானம் துள்ளாத வரை அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

ஒரு டிகிரி கட்டங்களின் எல்லையையும் கவனியுங்கள். எக்ஸ்-பிளேன் உலகத்தை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி துண்டுகளாக வைத்திருக்கிறது. சேலம் தளம் +11+078 என்ற துண்டில் வரும். 78 டிகிரி கோடு சில கிலோமீட்டர் மேற்கேதான். உங்கள் தளம் கோட்டின்மேல் விழுந்தால் வெட் இரண்டு டிஎஸ்எஃப் ஃபைல் (ஒவ்வொரு துண்டின் சீனரி விவரம்) உருவாக்கும். பகிரும்போது இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆர்த்தோ படம் போட ஆசைப்படுபவர்களுக்கு: ஜூம் நிலை ஒன்று கூடினால் ஹார்ட் டிஸ்கில் இடம் நாலு மடங்காகும். முழுத் துண்டுக்கும் உயர்ந்த ஜூம் வைக்காமல் தளத்தைச் சுற்றி மட்டும் வையுங்கள்.

9. இப்போது கட்டடங்கள்

வெட்டின் லைப்ரரிப் பகுதியில் தேடி இழுத்து வையுங்கள். பெரிய பொருட்களை முதலில்: டெர்மினல், ஏடிசி கோபுரம், தீயணைப்பு நிலையம், சுற்றுச்சுவர். எந்தக் கட்டடமும் நிஜத்தைப் போல அச்சு அசலாக இருக்காது. உயரமும் நீளமும் ஒத்துப்போனால் காற்றில் இருந்து பார்க்கும்போது போதும்.

ஓப்பன்சீனரிஎக்ஸ் போன்ற வெளி லைப்ரரிகளில் அருமையான பொருட்கள் உண்டு. ஆனால் உங்கள் தளத்தை எடுத்துக்கொள்பவரும் அதே லைப்ரரியை நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காணாத பொருள் பற்றிய பிழைதான் அவருக்குக் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய சீனரியில் இருந்து பொருளை உருவி உங்கள் பேக்கில் வைப்பது திருட்டு. அவ்வளவுதான்.

சொந்தமாக மாடல் செய்பவர்கள் பிளெண்டரில் எக்ஸ்-பிளேன் ஏற்றுமதிக் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். அலகு மீட்டர். டெக்ஸ்சர் (மாடல்மேல் ஒட்டும் படம்) அளவு 1024, 2048 என்று இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும்.

பேக் ஃபோல்டரில் எர்த்.வெட் என்று தொடங்கும் எக்ஸ்எம்எல் ஃபைலில்தான் உங்கள் உழைப்பு மொத்தமும் இருக்கிறது. வேலை முடித்து எழும்போதெல்லாம் அதை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

10. கேட்வேக்கு அனுப்புவது

உங்கள் தளம் எல்லோருடைய எக்ஸ்-பிளேனிலும் வர வேண்டும் என்றால் சீனரி கேட்வேயில் இலவசக் கணக்கு தொடங்கி, வெட்டில் இருந்தே அனுப்பலாம். ஏற்கப்பட்டால் பின்னர் வரும் எக்ஸ்-பிளேன் புதுப்பிப்பில் சேரும். அனுப்பும் முன் தெரிந்திருக்க வேண்டியவை சில.

எக்ஸ்-பிளேனோடு வரும் லைப்ரரிப் பொருட்கள் மட்டுமே அனுமதி. சொந்த மாடல், வெளி லைப்ரரி, ஆர்த்தோ படம் எதுவும் கூடாது. இதனால்தான் கேட்வேக்கு ஒரு பதிப்பு, உங்களுக்கு ஒரு பதிப்பு என்று ஆரம்பத்திலேயே இரண்டு பேக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அனுப்பியது பொது உரிமத்தின்கீழ் போய்விடும். பிறர் எடுத்துத் திருத்தலாம். அதில் மனவருத்தம் வரும் என்றால் அனுப்ப வேண்டாம். குறியீடு இல்லாத தளத்துக்கு கேட்வே தன் முறைப்படி ஓர் அடையாளம் தரும். நீங்கள் வைத்தது செல்லாது.

எக்ஸ்போர்ட் டார்கெட்டை கேட்வேக்கு மாற்றியபின் வேலிடேட் இன்னும் கறாராகும். ஏர்போர்ட் பவுண்டரி இல்லை, ரன்வே எண் திசையோடு பொருந்தவில்லை என்று பட்டியல் வரும். ஒவ்வொரு வரியையும் அழுத்தினால் சிக்கல் இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போகும். சரிசெய்து அனுப்பினால் மதிப்பீட்டாளர் பார்ப்பார். திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்பினால் கோபப்படாமல் சரிசெய்து மறுபடி அனுப்புங்கள். நிராகரிப்பு என்று அதற்கு அர்த்தமில்லை.

நேரக் கணக்கு: ஏஐபி கையில் இருந்தால் ரன்வேயும் ஏப்ரனும் ஒரு மாலை வேலை. எக்ஸ்குளூஷனும் லைப்ரரிக் கட்டடங்களும் சேர்த்தால் இரண்டு வார இறுதி. சொந்தமாக டெர்மினல் மாடல் செய்யத் தொடங்கினால் மாதக் கணக்கு. புது எக்ஸ்-பிளேன் பதிப்பு வந்ததும் ஒருமுறை உங்கள் தளத்தில் இறங்கிப் பாருங்கள். மெஷ் மாறியிருந்தால் எட்டாவது படியில் இருந்து மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.